நைட் ஷிஃப்ட்டுக்கு ஓடி (ஓவர்டைம்) கணக்குப் போடுவது எப்படி?

சிங்கப்பூரில் இரவு வேலை பார்க்கும் நம் ஆட்களுக்காக இந்த அத்தியாயம். கப்பல் பட்டறை, தொழிற்சாலை, கட்டுமான சைட், துப்புரவு, கிடங்கு, லாரி என்று வேலை எதுவானாலும் கணக்கின் அடிப்படை ஒன்றுதான். போன மாதச் சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், ஒரு நோட்டுப் புத்தகம், போனில் இருக்கும் கால்குலேட்டர் இவ்வளவும் பக்கத்தில் இருக்கட்டும். படித்துக்கொண்டே உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

தொடங்கும் முன் ஒரு தப்பெண்ணத்தை நீக்கிவிட வேண்டும். “ராத்திரி வேலைக்குச் சட்டப்படி கூடுதல் சம்பளம் உண்டு” என்று பலர் நம்புகிறார்கள். சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. இரவு என்பதற்காகத் தரப்படும் நைட் அலவன்ஸ், ஷிஃப்ட் அலவன்ஸ் எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. சட்டம் பார்ப்பது எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்பதை மட்டுமே. அந்த மணிக்கணக்குதான் இரவு வேலையில் குழம்பிப்போகிறது. ஷிஃப்ட் நள்ளிரவைத் தாண்டுகிறது, ஓய்வு நாள் இரண்டு தேதிகளில் விழுகிறது, மாற்று ஆள் தாமதமாக வருகிறார், இடைவேளை என்று எழுதிவிட்டு மிஷினைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். காசு கரைவது இந்த இடங்களில்தான்.

முதலில்: உங்களுக்கு ஓடி உரிமை உண்டா?

சட்டத்தின் நான்காம் பகுதிதான் வேலை நேரம், ஓய்வு நாள், ஓடி ஆகியவற்றைச் சொல்கிறது. 2019 ஏப்ரல் 1 முதல் அதன் வரம்பு இப்படி:

1. உடலுழைப்பு வேலை செய்பவர் என்றால், மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை.
2. மற்ற வேலை செய்பவர் (அலுவலக எழுத்தர் போன்றவர்) என்றால், 2,600 வெள்ளி வரை.

வெளிநாட்டு ஊழியர், உள்ளூர் ஊழியர் என்ற வேறுபாடு இதில் கிடையாது. கட்டுமான ஊழியர், துப்புரவாளர், மிஷின் ஆபரேட்டர், பஸ், லாரி, வேன் ஓட்டுநர் எல்லாரும் முதல் வகை. வீட்டுப் பணிப்பெண்கள், கப்பல் மாலுமிகள், அரசு ஊழியர்கள் ஆகியோருக்கு இந்தச் சட்டமே பொருந்தாது.

குறிப்பு: “உன்னை சூப்பர்வைசர் ஆக்கியாச்சு, இனி ஓடி கிடையாது” என்று சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். மேற்பார்வைதான் பெயர், ஆனால் வேலை நேரத்தில் பாதிக்கு மேல் கையால் வேலை செய்கிறீர்கள் என்றால் நீங்கள் உடலுழைப்பாளர்தான். சட்டத்துக்குத் தொப்பியின் நிறம் பொருட்டில்லை, செய்யும் வேலைதான் பொருட்டு.

இரண்டாவது: அடிப்படைச் சம்பளத்தைப் பிரித்தெடுங்கள்

சம்பளச் சீட்டில் ‘பேஸிக்’ என்ற வரியில் இருக்கும் தொகை மட்டும்தான் ஓடி கணக்குக்குள் வரும். நைட் அலவன்ஸ், சாப்பாட்டு அலவன்ஸ், போக்குவரத்துக் காசு, போனஸ், ஊக்கத்தொகை எதுவும் வராது. இரவு வேலைக்காரர் பலர் ஏமாந்துபோவது இந்த இடத்தில். “மாசம் 1,000 வெள்ளி” என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். ஒப்பந்தத்தைத் திறந்தால் பேஸிக் 500, அலவன்ஸ் 500 என்று இருக்கும். கைக்கு வரும் மாதச் சம்பளம் ஒன்றுதான். ஓடியோ பாதியாகிவிடும். பேஸிக் 1,000 என்றால் ஓடி மணிக்கு ஏறக்குறைய 7.87 வெள்ளி, 500 என்றால் 3.93 வெள்ளி. மாதம் 60 மணி நேரம் ஓடி பார்க்கிறவருக்கு இது 236 வெள்ளி வித்தியாசம்.

இதைக் கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டும். போட்ட பிறகு வருந்திப் பயனில்லை. ஊரில் இருக்கும்போதே வரும் ஐபிஏ (கொள்கையளவு ஒப்புதல்) கடிதத்தில் அடிப்படைச் சம்பளமும் அலவன்ஸும் தனித்தனியாக இருக்கும். இங்கே வந்தபின் முதலாளி தன் இஷ்டத்துக்குப் பேஸிக்கைக் குறைத்து அலவன்ஸைக் கூட்ட முடியாது. பெர்மிட்டில் இருப்பவரின் அடிப்படைச் சம்பளத்தைக் குறைக்க வேண்டுமானால் அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் முதலில் வேண்டும், மனிதவள அமைச்சுக்கும் (எம்ஓஎம்) தெரிவிக்க வேண்டும். ஆகவே “சும்மா ஒரு ஃபார்ம், கையெழுத்துப் போடு” என்று நீட்டும் தாளை வாசிக்காமல் போடாதீர்கள். ஆங்கிலம் புரியவில்லை என்றால் போட்டோ எடுத்து, தெரிந்தவரிடம் காட்டிவிட்டு மறுநாள் போடுகிறேன் என்று சொல்லுங்கள்.

மூன்றாவது: ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?

மாதச் சம்பளக்காரர் இந்த வரிசையில் போடுங்கள்.

1. அடிப்படைச் சம்பளத்தை 12 ஆல் பெருக்குங்கள். இது ஒரு வருடத் தொகை.
2. வந்த விடையை 2,288 ஆல் வகுங்கள். வருடத்துக்கு 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம்; 52 × 44 = 2,288. இது ஒரு மணி நேர அடிப்படைச் சம்பளம்.
3. அதை 1.5 ஆல் பெருக்குங்கள். இதுதான் ஒரு மணி நேர ஓடிக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சத் தொகை.
4. ஓடி மணிகளால் பெருக்குங்கள்.

பேஸிக் 800 வெள்ளி என்று எடுத்துக்கொள்வோம்.

800 × 12 = 9,600
9,600 ÷ 2,288 = 4.1958
4.1958 × 1.5 = 6.2937
60 மணி நேர ஓடி என்றால் 6.2937 × 60 = 377.62 வெள்ளி

கடைசி வரி வரும்வரை பின்னத்தை வெட்டாதீர்கள். முழு விடைக்கு மட்டும் காசைச் சரிசெய்தால் போதும்.

கம்பெனிகளில் அடிக்கடி நடக்கும் தவறு வகுக்கும் எண்ணில் இருக்கிறது. “மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி” என்று 208 ஆல் வகுப்பார்கள். அப்படிப் போட்டால் அதே 60 மணி நேரத்துக்கு 346.15 வெள்ளிதான் வரும். 31 வெள்ளி 47 காசு குறைவு. இன்னும் சில இடங்களில் 30 நாள் × 8 மணி என்று 240 ஆல் வகுக்கிறார்கள். அப்போது 300 வெள்ளி. 77 வெள்ளிக்கு மேல் போய்விடுகிறது. கணக்கு எழுதுபவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று எப்போதும் சொல்ல முடியாது, பழைய எக்செல் தாளை அப்படியே நகலெடுத்து வைத்திருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு மாதமும், ஒவ்வொரு ஆளிடமும் போவதால் சும்மா விடக்கூடாத தொகை இது. அவர்கள் எந்த எண்ணால் வகுத்தார்கள் என்று கண்டுபிடிக்க எளிய வழி: சீட்டில் இருக்கும் ஓடித் தொகையை ஓடி மணிகளால் வகுங்கள், வருவதை 1.5 ஆல் வகுங்கள், பிறகு உங்கள் பேஸிக்கை அந்த விடையால் வகுங்கள். சுமார் 190.67 வந்தால் சரி. 208, 240 என்று வந்தால் தவறு எங்கே என்று தெரிந்துவிட்டது.

தினச் சம்பளக்காரருக்குக் கணக்கு வேறு. ஒரு நாள் அடிப்படைச் சம்பளத்தை ஒப்பந்தப்படியான அன்றாட வேலை நேரத்தால் வகுக்க வேண்டும். நாளுக்கு 40 வெள்ளி, 8 மணி நேரம் என்றால் மணிக்கு 5 வெள்ளி, ஓடி 7.50 வெள்ளி. இரவில் 11 மணி நேரம் நிற்பதால் 40ஐ 11 ஆல் வகுத்து ஓடியை 5.45 என்று போடுவது தவறு. ஒப்பந்தத்தில் 8 என்று இருந்தால் 8 ஆல்தான் வகுக்க வேண்டும். பீஸ் கணக்கில் வேலை செய்பவருக்கு அந்த வாரம் சம்பாதித்த அடிப்படைத் தொகையை அந்த வாரம் வேலை செய்த மொத்த மணிகளால் வகுப்பார்கள்.

நான்காவது: எந்த மணி நேரம் ஓடி? (நிதானமாகப் படியுங்கள்)

இரவு வேலைக்காரருக்கு இந்த அத்தியாயத்தின் உயிர் இந்தப் பகுதி. ஒரே மாதிரி வேலை செய்த இரண்டு பேருக்கு ஓடி மணிகள் மூன்று மடங்குக்கு மேல் வேறுபடலாம், அதுவும் சட்டப்படியே. காரணம், அவர்கள் கையெழுத்திட்ட ஒரு தாள்.

பொது விதி இது: நாளுக்கு 8 மணி நேரம் அல்லது வாரத்துக்கு 44 மணி நேரம், இதற்கு மேல் செய்தால் ஓடி. வாரத்தில் 5 நாளோ அதற்குக் குறைவாகவோ வேலை என்று ஒப்பந்தம் இருந்தால் நாளுக்கு 9 மணி நேரம் வரை சாதாரண நேரமாக ஒத்துக்கொள்ளலாம், வாரத்துக்கு 44 என்ற எல்லை அப்படியே இருக்கும்.

ஷிஃப்ட் ஊழியருக்குத் தனி விதி உண்டு. அவர் ஒரு நாளில் 12 மணி நேரம் வரை சாதாரண நேரமாகவே வேலை செய்யலாம். தொடர்ந்து வரும் எந்த 3 வாரத்தை எடுத்தாலும் சராசரி வாரத்துக்கு 44 மணியைத் தாண்டக்கூடாது. 44 × 3 = 132. மூன்று வாரத்தில் 132 மணி நேரத்துக்கு மேல் போவதுதான் ஓடி. ஆனால் இந்தத் தனி விதி தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. நீங்கள் எழுத்துபூர்வமாகச் சம்மதித்திருக்க வேண்டும். அதற்கு முன் சட்டத்தின் 38, 40 ஆம் பிரிவுகளை உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டும். வேலை தொடங்கும் நேரம், முடியும் நேரம், வாரத்துக்கு எத்தனை நாள், ஓய்வு நாள் எது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை ஷிஃப்ட், நடுவே 1 மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. ஆக, ஓர் இரவுக்கு 11 மணி நேரம். முதல் வாரம் 5 இரவு, அடுத்த இரண்டு வாரங்கள் 4 இரவு.

முதல் வாரம்: 5 × 11 = 55
இரண்டாம் வாரம்: 4 × 11 = 44
மூன்றாம் வாரம்: 4 × 11 = 44
மொத்தம்: 143

ஷிஃப்ட் சம்மதம் கொடுத்தவருக்கு 143 − 132 = 11 மணி நேர ஓடி. பேஸிக் 800 என்றால் 69.23 வெள்ளி.

சம்மதம் கொடுக்காதவர், ஒப்பந்தத்தில் நாளுக்கு 8 மணி என்று உள்ளவர், அதே 13 இரவு வேலை செய்தால் ஒவ்வோர் இரவும் 3 மணி நேர ஓடி. 13 × 3 = 39 மணி நேரம், 245.45 வெள்ளி.

அதே மிஷின், அதே இரவுகள், 176 வெள்ளி வித்தியாசம். ஆகவே இன்றே செய்யுங்கள்: உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து, ஷிஃப்ட் வேலை பற்றியோ 3 வாரச் சராசரி பற்றியோ ஒரு பத்தி இருக்கிறதா, தனியாக ஏதாவது சம்மதத் தாளில் கையெழுத்திட்டீர்களா என்று பாருங்கள். வேலையில் சேர்ந்த 14 நாட்களுக்குள் முக்கிய வேலை விதிமுறைகளை எழுத்தில் தர வேண்டியது முதலாளியின் கடமை. வேலை நேரம், ஓடி விகிதம், ஓய்வு நாள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். உங்களிடம் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

*3 வாரத்தை மாதமாக மாற்றும் தவறு.* சில கம்பெனிகள் மாதச் சராசரி பார்க்கின்றன. மேலே சொன்ன மூன்று வாரத்துக்குப் பிறகு நான்காம் வாரம் 3 இரவு, 33 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வாரமும் சேர்ந்து 176, சராசரி 44. “ஓடி இல்லை” என்று முடித்துவிடுவார்கள். முதல் மூன்று வாரத்தில் வந்த 11 மணி நேரம் அப்படியே காணாமல் போகிறது. சட்டம் சொல்வது 3 வாரம். அதை 4 ஆக்க முடியாது. கம்பெனி தன் 3 வாரச் சுற்றை எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். சுற்று மாத நடுவில் முடிவதால் ஓடி எந்த மாதச் சீட்டில் வரும் என்பது குழப்பும். அதனால்தான் சம்பளக் காலமும் ஓடிக் காலமும் வேறு வேறாக இருந்தால், ஓடிக்கான தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் சம்பளச் சீட்டில் தனியாகப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த இரண்டு தேதிகள் இல்லாமல் உங்கள் கணக்கையும் அவர்கள் கணக்கையும் ஒப்பிடவே முடியாது.

*இடைவேளை என்ற பெயரில் வேலை.* சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் விட்ட நேரம் வேலை நேரத்தில் சேராது. ஆனால் உங்கள் நேரமும் நடமாட்டமும் உங்கள் கையில் இருந்தால்தான் அது இடைவேளை. கையில் சோற்றுப் பொட்டலத்தோடு மானிட்டர் முன்னால் உட்கார்ந்து, அலாரம் அடித்தால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் என்றால் அது வேலை நேரம். இரவு ஷிஃப்ட்டில் ஆள் குறைவு என்பதால் இது சகஜமாக நடக்கிறது. இடைவேளை உண்மையில் கிடைத்ததா, எத்தனை நிமிடம் கிடைத்தது என்று ஒவ்வோர் இரவும் குறியுங்கள். அதேபோல ஷிஃப்ட்டுக்கு முந்தைய பாதுகாப்புக் கூட்டத்துக்கு 7.40க்கே வரிசையில் நிற்க வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு என்றால், உங்கள் நேரம் 7.40க்குத் தொடங்குகிறது. தங்குவிடுதியிலிருந்து லாரியில் வரும் நேரத்தை மட்டும் இதோடு கலக்காமல் தனிப் பத்தியில் எழுதுங்கள். எல்லாவற்றையும் கலந்தால் நியாயமான மணிகளையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

*மாற்று ஆள் வராத காலை.* காலை 8 மணிக்கு வர வேண்டியவர் 9.30க்கு வருகிறார், அதுவரை நீங்கள் நிற்கிறீர்கள். அந்த ஒன்றரை மணி நேரம் 3 வார மொத்தத்தில் சேர வேண்டும். டைம் கார்டில் 8.00 என்றே அடித்துவிடச் சொல்வார்கள், செய்யாதீர்கள். வெளியேறும்போது அடிப்பதுதான் உண்மையான நேரம். எப்படியானாலும் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க, விபத்து அல்லது அதற்கான ஆபத்து, அவசர மிஷின் பழுது போன்ற சில காரணங்கள்தான் சட்டத்தில் இடம்பெற்றுள்ளன.

மாதத்துக்கு ஓடி 72 மணி நேரம்தான் உச்சவரம்பு. அதற்கு மேல் வேலை வாங்க முதலாளி அமைச்சிடம் விலக்கு பெற வேண்டும். “72ஐத் தாண்டிவிட்டது, மிச்சத்துக்குக் காசு தர முடியாது” என்று சொன்னால் ஏற்காதீர்கள். வரம்பை மீறியது வேலை வாங்கியவர். செய்த வேலைக்கான காசு உங்களுடையது.

ஐந்தாவது: ஓய்வு நாளில் கூப்பிட்டால்

வாரத்துக்கு ஒரு ஓய்வு நாள் உண்டு. பொதுவாக நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை ஒரு முழு நாள். ஷிஃப்ட் ஊழியருக்குத் தொடர்ச்சியாக 30 மணி நேர ஓய்வு. அது ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணிக்கு முன் தொடங்கினால், திங்கட்கிழமைக்குள் நீண்டாலும் அந்த வாரத்து ஓய்வு நாளாகவே கொள்ளப்படும்.

உங்கள் சனிக்கிழமை ஷிஃப்ட் ஞாயிறு காலை 8 மணிக்கு முடிகிறது. அங்கிருந்து 30 மணி நேரம் எண்ணினால் திங்கள் மதியம் 2 மணி. திங்கள் இரவு 8 மணிக்குத்தான் அடுத்த ஷிஃப்ட் என்றால் ஓய்வு முழுதாகக் கிடைத்துவிட்டது. ஞாயிறு இரவு 8 மணிக்கே வரச் சொன்னால் நடுவில் இருப்பது 12 மணி நேரம்தான். பகல் முழுக்கத் தூங்கியதால் அது ஓய்வு நாள் ஆகிவிடாது. அந்த வாரத்தில் வேறு ஓய்வு நாளும் தரவில்லை என்றால், ஞாயிறு இரவு செய்தது ஓய்வு நாள் வேலை. எந்தெந்த நாள் ஓய்வு என்ற பட்டியலை மாதம் பிறக்கும் முன்பே தர வேண்டும். அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு நாள் சம்பளம் யார் கேட்டு வேலை நடந்தது என்பதைப் பொறுத்தது.

முதலாளி கேட்டு வந்தால்:
1. அன்றாட நேரத்தில் பாதி வரை: ஒரு நாள் சம்பளம்.
2. பாதிக்கு மேல், முழு நேரம் வரை: இரண்டு நாள் சம்பளம்.
3. முழு நேரத்தையும் தாண்டினால்: இரண்டு நாள் சம்பளமும், தாண்டிய மணிகளுக்கு ஒன்றரை மடங்கு ஓடியும்.

நீங்களாகக் கேட்டு வந்தால் அது அரை நாள், ஒரு நாள், ஒரு நாளும் ஓடியும் என்று இறங்கிவிடும்.

ஒரு நாள் சம்பளத்தைக் கண்டுபிடிக்க, பேஸிக்கை 12 ஆல் பெருக்கி, 52 ஆலும் வாரத்துக்கு எத்தனை நாள் வேலை என்ற எண்ணாலும் வகுக்க வேண்டும். பேஸிக் 800, வாரம் 6 நாள் என்றால் 9,600 ÷ 312 = 30.77 வெள்ளி. நாளுக்கு 8 மணி ஒப்பந்தம் உள்ளவரை முதலாளி ஓய்வு நாளில் கூப்பிட்டு 11 மணி நேரம் வேலை வாங்கினால்: 61.54 + (3 × 6.2937) = 80.42 வெள்ளி. அவரே கேட்டு வந்ததாகச் சீட்டில் எழுதிவிட்டால் 49.65 வெள்ளிதான். ஆகவே ஓய்வு நாளில் கூப்பிடும் வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். வாயால் சொன்னால், “அண்ணே, ஞாயித்துக்கிழமை நைட் வரச் சொன்னீங்களே, எத்தனை மணிக்கு வரணும்?” என்று நீங்களே ஒரு செய்தி அனுப்பிப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பொது விடுமுறையில் வேலை செய்தால் வழக்கமான மாதச் சம்பளத்துக்கு மேல் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் கூடுதலாக வரும். அன்றாட நேரத்தைத் தாண்டியதற்கு ஓடியும் உண்டு. இருவரும் ஒத்துக்கொண்டால் அந்த விடுமுறையை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆறாவது: நோட்டு எழுதும் முறை

ஷிஃப்ட் முடிந்து, குளித்துவிட்டுப் படுக்கும் முன் எழுதிவிடுங்கள். தூங்கி எழுந்தபின் எழுதினால் தேதி மாறிப்போகும்.

1. ஷிஃப்ட் தொடங்கிய தேதியையும் கிழமையையும் போட்டு ஒரே வரியாக எழுதுங்கள். நள்ளிரவில் இரண்டாக வெட்ட வேண்டாம்.
2. தொடங்கிய நேரம், முடிந்த நேரம், முடிந்த தேதி.
3. உண்மையில் கிடைத்த இடைவேளை நிமிடங்கள்.
4. நிகர மணி நேரம்.
5. வேலை நடந்த இடம், வேலை கொடுத்தவர் பெயர்.
6. வழக்கத்துக்கு மாறான எதுவும்: மாற்று ஆள் தாமதம், ஓய்வு நாளில் அழைப்பு, ஷிஃப்ட்டுக்கு முந்தைய கூட்டம்.

உதாரணம்: “8ஆம் தேதி சனி, இரவு 8.00 – 9ஆம் தேதி ஞாயிறு காலை 9.30. இடைவேளை 45 நிமிடம். நிகரம் 12 மணி 45 நிமிடம். 8.00 முதல் 9.30 வரை மாற்று ஆள் வரவில்லை.”

வாரக் கடைசியில் கூட்டுங்கள், மூன்று வாரம் முடிந்ததும் மொத்தம் போடுங்கள். நிமிடத்தைத் தசமமாக மாற்றுவதில் கவனம் தேவை: 45 நிமிடம் என்பது 0.75 மணி, 0.45 அல்ல, 20 நிமிடம் 0.33. நன்றாகப் படித்தவர்கள்கூட இங்கே தவறுகிறார்கள்.

டைம் கார்டு அல்லது டைம் ஷீட்டைக் கம்பெனி திரும்ப வாங்கும் முன் போட்டோ எடுங்கள். கப்பல் பட்டறை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களில் போனும் கேமராவும் தடைசெய்யப்பட்டிருந்தால் அங்கே எடுக்கவே கூடாது. அதற்காகவே உங்களை வேலையைவிட்டு நீக்கலாம். அங்கெல்லாம் நோட்டு மட்டும் போதும். போட்டோக்களை ஊரில் உள்ள நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். போன் தொலைந்தாலும் ஆதாரம் நிற்கும். மணி நேரம் நிரப்பாத காலித் தாளில் மட்டும் எந்த நிலையிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஏழாவது: சீட்டோடு ஒப்பிட்டு, கேட்பது

சம்பளம், சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் வர வேண்டும். ஓடிக்கு 14 நாள் அவகாசம். சம்பளத்தோடு, அல்லது அடுத்த 3 வேலை நாளுக்குள், விவரமான சீட்டும் வர வேண்டும். 2016 ஏப்ரல் முதல் இது கட்டாயம். ஓடி மணிகளும் ஓடித் தொகையும் அதில் தனித்தனியாக இருக்க வேண்டும். “அலவன்ஸ் மற்றும் ஓடி: 350” என்று மொத்தமாகப் போட்டிருந்தால் முதலில் அதைப் பிரித்துக் கேளுங்கள்.

கேட்கும் முறையும் முக்கியம். பத்துப் பேர் கூடிக்கொண்டு அலுவலக வாசலில் நிற்க வேண்டாம். உங்கள் கணக்கை ஒரு தாளில் எழுதி, ஒரு மாதத்தை மட்டும் எடுத்து, “என் கணக்கில் 11 மணி நேரம் வருகிறது, சீட்டில் 4 இருக்கிறது, எந்த நாள் விடுபட்டது என்று பார்க்க முடியுமா?” என்று செய்தியாகவே அனுப்புங்கள். உண்மையான தவறென்றால் இந்த நிலையிலேயே திருத்தப்பட வாய்ப்பு அதிகம். திருத்தாவிட்டால், நீங்கள் கேட்டதற்கு ஆதாரம் கையில் இருக்கிறது.

கோபத்தில் செய்யக்கூடாத ஒன்று: வேலைக்குப் போகாமல் இருப்பது. அனுமதியோ தகுந்த காரணமோ இல்லாமல் 2 வேலை நாளுக்கு மேல் தொடர்ந்து வராவிட்டால் ஒப்பந்தத்தை நீங்கள் மீறியதாகிவிடும். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பழி உங்கள் மேல் விழும். வேலைக்குப் போய்க்கொண்டே புகார் கொடுங்கள்.

எட்டாவது: பேசித் தீராவிட்டால்

1. வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர உதவி எண் 6536 2692. இரவு வேலைக்காரர் எந்த நேரத்திலும் அழைக்கலாம்.
2. சம்பளப் புகாரை டிஏடிஎம் எனப்படும் முத்தரப்புச் சச்சரவு நிர்வாக அமைப்பில் பதிவுசெய்யுங்கள். முதலில் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள்.
3. சமரசம் ஆகாவிட்டால் 2017 முதல் இயங்கிவரும் வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம்.

எடுத்துப்போக வேண்டியவை: பெர்மிட், ஐபிஏ, ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், நோட்டு, போட்டோக்கள், செய்திகள். மாதவாரியாக ஒரு பக்கச் சுருக்கமும் வைத்திருங்கள்: எத்தனை ஓடி மணி, வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு. முதலாளியும் கடைசி இரண்டு ஆண்டுப் பதிவுகளை வைத்திருக்கக் கடமைப்பட்டவர். அவர் ஏட்டில் ஒன்று, உங்கள் நோட்டில் வேறொன்று என்றால், அன்றன்றே எழுதிய விவரமான நோட்டுக்கு மதிப்பு உண்டு. ஒரே நாளில் ஒரே பேனாவில் உட்கார்ந்து எழுதிய ஒரு வருடக் கணக்குக்கு அந்த மதிப்பு கிடைக்காது.

காலக்கெடு மிகவும் கண்டிப்பானது. வேலையில் இருப்பவர் கடந்த ஓராண்டுப் பாக்கிக்குத்தான் கோர முடியும். வேலையைவிட்டவர் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள் பதிவுசெய்ய வேண்டும். “அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளத் தள்ள, பின்னாலிருந்து ஒவ்வொரு மாதமாக உங்கள் பாக்கி உதிர்ந்துகொண்டே வரும்.

திடீரென்று பெர்மிட்டை ரத்துசெய்து டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டால், “எல்லாம் பெற்றுக்கொண்டேன்” என்ற தாளில் கணக்குப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சம்பளப் பாக்கி இருக்கிறது என்பதை விமானம் ஏறும் முன்பே அமைச்சுக்குத் தெரிவியுங்கள். புகார் விசாரணை முடியும்வரை சிங்கப்பூரில் தங்கச் சிறப்பு அனுமதிச் சீட்டு வழங்க அமைச்சால் முடியும். விமான நிலையத்துக்கே அழைத்துப் போய்விட்டாலும் குடிநுழைவு அதிகாரியிடம் “சம்பளம் பாக்கி, எம்ஓஎம் போகணும்” என்று சொல்லுங்கள்.